கடலுக்குப் போன மூன்று பேர்

பள்ளிக்கூடத்துச் சுவரில் பெரிதாக இந்தியா படம் வரைந்திருந்தார்கள். அதற்கு அடியில்தான் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து மத்தியானச் சோறு சாப்பிடுவார்கள். ஒருநாள் பாஞ்சாலி சாம்பார் வாளியோடு வந்தபோது, ஒன்றாவது படிக்கிற குட்டி ஒன்று படத்தில் நீலம் அடித்திருந்த இடத்தைக் காட்டி, "இது என்னங்க டீச்சர்?" என்று கேட்டது.

"அது கடலு."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"ம்... பாத்திருக்கறேன். நீ சோத்தைப் பாத்துத் தின்னு."

பொய்தான். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல், அதை விட்டால் பஞ்சப்பள்ளி டேம். நாற்பதைத் தொடப்போகிற வயது வரைக்கும் பாஞ்சாலி கண்ட தண்ணீர் அவ்வளவுதான். குட்டி அதோடு விட்டிருந்தால் பாஞ்சாலியும் மறந்திருப்பாள். மறுநாள் அது பக்கத்துப் பிள்ளைகளிடம், "எங்க டீச்சரு கடலைப் பாத்திருக்கறாங்க, தெரியுமா" என்று பெருமையடித்ததைக் காதால் கேட்டுவிட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியும் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

பாஞ்சாலி அப்படித்தான். மனசில் ஒன்று விழுந்தால் எடுக்க முடியாது. கட்டட வேலைக்குப் பெங்களூர் போன புருஷன் அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டான் என்று தெரிந்தபோது, சொந்தக்காரர்கள் எல்லாம் போய்க் கூட்டிக்கொண்டு வா என்றார்கள். "அந்தாளு வழி தெரியாமயா போனாரு, நான் போயி வழி காட்றதுக்கு?" என்று கேட்டதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டாள். பத்தாவது படித்திருந்தாள். ஊருக்கு ஊர் சத்துணவு மையம் திறந்தபோது அமைப்பாளர் வேலை கிடைத்தது. பாலக்கோட்டில் நடந்த பயிற்சியில்தான் மற்ற இரண்டு பேரும் கிடைத்தார்கள்.

ஒருத்தி நஞ்சம்மாள். மூவரில் மூத்தவள். தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் பிறந்து பாலக்கோட்டுப் பக்கம் வாக்கப்பட்டவள். நல்ல ஆகிருதி, அதைவிடப் பெரிய சிரிப்பு. பயம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் அவளுக்குக் கன்னடந்தான் வாயில் வரும்.

இன்னொருத்தி பாக்கியமேரி. பாஞ்சாலியைவிட இளையவள். கிணற்றில் மோட்டாருக்குப் புட்வால்வு மாற்ற இறங்கிய அவளுடைய புருஷன் திரும்பி மேலே வரவில்லை. கல்யாணமாகி அதிக நாள்கூட ஆகியிருக்கவில்லை, பிள்ளையும் இல்லை. அண்ணன் வீட்டில் இருந்தாள். வெள்ளையில் பொடிப் பொடியாகப் புள்ளி போட்ட சேலையைத் தவிர வேறு கட்டமாட்டாள். கிணற்றுப் பக்கமே போகமாட்டாள். பைப்பில் வருகிற தண்ணீர்தான். பயிற்சியின் முதல் நாளில் பெஞ்சியின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, "உள்ள தள்ளி உக்காரு புள்ளே, கீழ உழுந்துடுவ" என்று பாஞ்சாலி கையைப் பிடித்து இழுத்தாள். பிடித்த கை பிறகு விடவே இல்லை.

மாசம் ஒருமுறை யூனியன் ஆபீசுக்கு மூன்று பேரும் வருவார்கள். வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில் போண்டாவும் காப்பியும். தக்காளி மண்டியிலிருந்து கூடைகள் ஏறி இறங்கும் சத்தத்துக்கு நடுவில் வாய் ஓயாமல் பேச்சு. அந்தக் கடையில் உட்கார்ந்துதான் பாஞ்சாலியும் பாக்கியமும் ஒரு திட்டம் போட்டார்கள். இரண்டு பேர் ஊருக்கும் நடுவில், ரோட்டோரமாக ஒரு வீடு. ஆளுக்கு ஒரு ரூம், பொதுவில் ஒரு அடுப்பு. வயசான காலத்தில் ஒருத்தருக்கு ஒருத்தர். "நம்மள யாரும் கேக்கப் போறதில்ல, நாமளும் யாரையும் கேக்க வேண்டியதில்ல" என்பாள் பாஞ்சாலி. பாக்கியம் தலையை ஆட்டிக்கொண்டு, அடுப்பு எந்த மூலையில் இருக்க வேண்டும் என்று சொல்வாள்.

கடல் பேச்சை எடுத்தபோது நஞ்சம்மாள் உடனே சரியென்றாள். "மூணு புள்ளைங்களையும் அவுங்கப்பன்கிட்டத் தள்ளிட்டு வந்துடறேன். ஒரு நாலு நாளு அந்த மனுசனும் களி கிண்டிப் பாக்கட்டும்."

பாக்கியம் மட்டும் மறுத்தாள். "தண்ணின்னாலே எனக்கு ஆகாதுக்கா. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

அவள் இல்லாமல் போக பாஞ்சாலிக்கு மனசில்லை. பேச்சு அப்படியே கிடந்தது. பொங்கல் கழிந்து ஒருநாள் பாக்கியமே வந்து, "போலாங்க்கா. இந்தத் தையிலயே போயிட்டு வந்துடலாம்" என்றாள். பாஞ்சாலி சந்தோஷத்தில் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

மூன்று பேரும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, புளிச்சோறும் எள்ளுருண்டையும் ஒரு பை தக்காளியுமாகக் கிளம்பினார்கள். தக்காளி எதற்கு என்று கேட்டதற்கு, "போற ஊர்ல என்ன கெடைக்குமோ" என்றாள் நஞ்சம்மாள். தருமபுரி, சேலம், மதுரை என்று பஸ் மாறி மாறிப் போய், மதுரையில் ராமேஸ்வரம் பாசஞ்சர் பிடித்தார்கள். அந்தக் காலத்தில் பாம்பனைத் தாண்ட ரயிலை விட்டால் வேறு வழி கிடையாது.

மண்டபத்தைத் தாண்டியதும் வண்டி நடை தளர்ந்தது. பெட்டியில் இருந்தவர்கள் சன்னல் பக்கம் நகர்ந்தார்கள். பாஞ்சாலி எட்டிப் பார்த்தாள். தரை இல்லை. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கைப்பிடிகூட இல்லாமல், கீழே பச்சையும் நீலமுமாகத் தண்ணீர் குதித்துக்கொண்டிருந்தது. காற்று கன்னத்தில் அறைந்தது.

"ஏனு நீரு! அய்யோ, ஏனு நீரு!" என்று நஞ்சம்மாள் கன்னடத்தில் கத்தினாள். கத்தியதோடு பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மாளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பாக்கியம் கண்ணை மூடிச் சிலுவை போட்டாள். பாஞ்சாலி மட்டும் கண்ணை எடுக்கவில்லை. சுவரில் அடித்த நீலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எவ்வளவு கஞ்சத்தனமாக அடித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

நஞ்சம்மாள் பிடித்தது பாம்பன்காரி ஒருத்தியின் கையை. பெயர் ஆரோக்கியம். கருவாடு விற்றுவிட்டு வெறுங்கூடையோடு திரும்பிக்கொண்டிருந்தாள். "கையை விடுங்கக்கா, இது நெதமும் போற வண்டிதான், உளுந்துராது" என்று சிரித்தாள். நஞ்சம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டு எள்ளுருண்டையை நீட்டினாள். பாலம் முடிவதற்குள் இருவரும் பிள்ளைகள் பேர் வரைக்கும் பேசிவிட்டார்கள். தக்காளிப் பையும் கை மாறிவிட்டது. இறங்கும்போது ஆரோக்கியம், "நாளைக்கழிச்சு நானும் வீட்டுக்காரரும் தீவுக்குப் போறோம். காயப்போட்ட கருவாட்டை எடுத்தாரணும். வள்ளத்துல எடமிருக்கு, காலையில பாம்பனுக்கு வந்துருங்க" என்றாள்.

ராமேஸ்வரத்தில் ஒரு சத்திரத்தில் தங்கினார்கள். கோயிலுக்கு முன்னால் இருந்த கடலைப் பார்த்ததும் பாஞ்சாலிக்கு ஏமாற்றமாகிவிட்டது. அலையே இல்லை. "என்ன இது, பஞ்சப்பள்ளி டேமாட்டம் கம்முனு கெடக்குது?" நஞ்சம்மாள் மூழ்கி மூழ்கி எழுந்தாள். பாக்கியம் படியில் நின்று விரல் நுனியைத் தண்ணீரில் தொட்டு நெற்றியில் வைத்ததோடு சரி.

அலை வேண்டுமென்றால் தனுஷ்கோடிக்குப் போங்கள் என்றார்கள். மறுநாள் மீன் ஏற்றப் போகிற பழைய வேனில் ஏறிக்கொண்டார்கள். ரோடு கிடையாது, மணலிலும் தண்ணீரிலும் குதித்துக் குதித்துப் போயிற்று வண்டி. அங்கே இருந்தது பாஞ்சாலி கேட்ட கடல். ஆளுயரத்துக்கு எழும்பி, உடைந்து, வெள்ளையாக ஓடி வந்து காலடி மணலை உருவிக்கொண்டு போனது. ஒவ்வொரு முறையும் கரையோடு சேர்ந்து தானும் உள்ளே போவதுபோல் இருந்தது. சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, "வா! இன்னும் கிட்ட வா!" என்று அலையைப் பார்த்துச் சண்டைக்காரியைப்போல் கூப்பிட்டாள். நஞ்சம்மாள் சிரித்து மணலில் உருண்டாள்.

சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தால் பாக்கியத்தைக் காணோம்.

புயலில் அழிந்த மாதாகோயில் ஒன்று அங்கே நின்றது. கூரை போய்ச் சுவர் மட்டும். உள்ளே மணலில் பாக்கியம் முழந்தாளிட்டிருந்தாள். பாஞ்சாலி வாசலில் நின்றாள். ஜெபம் முடியட்டும் என்று பார்த்தால் முடிவதாக இல்லை. கிட்டே போனபோதுதான் அவள் தோள் குலுங்குவது தெரிந்தது.

"என்ன புள்ளே?"

"ஒண்ணுமில்லக்கா. காத்துல மண்ணு விழுந்துடுச்சு."

"ரெண்டு கண்லயுமா?"

பாக்கியம் எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதோடு பாஞ்சாலியின் நிம்மதி போயிற்று. வேனில் திரும்பும்போது ஒவ்வொன்றாக நினைவு வந்தது. கொஞ்ச நாளாகவே பாக்கியம் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறாள். போண்டாவைப் பிய்த்து வைத்துவிட்டுத் தின்னாமல் எழுந்துவிடுகிறாள். வீட்டுப் பேச்சை எடுத்தால் வேறு பேச்சுக்குத் தாவுகிறாள். தண்ணீரே ஆகாது என்றவள், தானாக வந்து கடலுக்குப் போகலாம் என்கிறாள். கார்த்திகையில் இரண்டு முறை தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போனேன், சும்மா தலைவலி என்றாளே? பாஞ்சாலியின் ஊரில் ஒரு பொம்பளை அப்படித்தான் வயிற்றில் கட்டியை வைத்துக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் திருப்பதி, பழனி என்று எல்லாக் கோயிலும் பார்த்துவிட்டு வந்து படுத்தாள், எழவே இல்லை. சாயங்காலம் சத்திரத்தில் பாக்கியம் தலைவாரும்போது, அவள் மெலிந்திருக்கிறாளா என்று பின்னாலிருந்து கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கத் தைரியம் வரவில்லை. அலையைச் சண்டைக்குக் கூப்பிட்டவளுக்கு இதைக் கேட்க வாய் எழவில்லை.

மறுநாள் காலையில் பாம்பனில் ஆரோக்கியம் காத்திருந்தாள். அவள் புருஷன் சந்தியாகு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். வெற்றிலை போட்ட வாய், வெயிலில் காய்ந்த உடம்பு. தீவின் பேர் என்ன என்று பாஞ்சாலி கேட்டதற்கு, "அதுக்குப் பேரு என்னத்தா, மணல்தீவுதான். நாங்க கருவாடு காயப்போடுற எடம்" என்றார்.

கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் பாசியும் கல்லும் அதற்கு நடுவில் விரலளவு மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்புவதும் தெரிந்தன. பாக்கியம் வள்ளத்தின் நடுவில் உட்கார்ந்து பாஞ்சாலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சில்லென்று இருந்தது. பாஞ்சாலி அதை இரண்டு கையாலும் மூடி வைத்துக்கொண்டாள்.

தீவு என்றால் கொஞ்சம் புதர், நாலு பனை, ஓலைக் குடிசை ஒன்று, சுற்றிலும் வெள்ளை மணல். கரைக்குக் கொஞ்ச தூரத்திலேயே வள்ளம் நின்றுவிட்டது. முழங்கால் தண்ணீர்தான், இறங்குங்கள் என்றார் சந்தியாகு. முதலில் பாக்கியம் தயங்கித் தயங்கி இறங்கினாள். அடுத்து நஞ்சம்மாள் காலை எடுத்து வைக்கவும் வள்ளம் ஆடவும் சரியாக இருந்தது. "சிவனே!" என்ற சத்தத்தோடு அவள் அப்படியே பாக்கியத்தின் மேல் சாய்ந்தாள். இரண்டு பேரும் தண்ணீருக்குள் போனார்கள்.

பாஞ்சாலி குதித்துப் போய்ப் பாக்கியத்தைத் தூக்கினாள். தலை முதல் கால் வரை நனைந்து, வாயில் போன உப்புத் தண்ணீரை இருமித் துப்பிக்கொண்டிருந்தாள் அவள். ஆரோக்கியம் குடிசைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். மாற்றுக்கு என்று ஒரு சேலைதான் அங்கே இருந்தது. நஞ்சம்மாள், "என் உடம்புக்கு அது ஒரு சுத்துக்குக் காணாது, நான் வெயில்ல காஞ்சுக்கறேன், அவளுக்குக் குடு" என்று சொல்லிவிட்டாள்.

பாக்கியம் வெளியே வந்தபோது பாஞ்சாலிக்கு யாரோ போலிருந்தது. குங்குமச் சிவப்பில் மஞ்சள் பூப்போட்ட சேலை. ஈரத்தலையை விரித்துப் போட்டிருந்தாள். ஆரோக்கியத்துக்கு இவள் கதை எதுவும் தெரியாது. கையில் இருந்ததைக் கொடுத்திருந்தாள். பாக்கியத்துக்கு நிற்கத் தெரியவில்லை. முந்தானையை இழுத்து இழுத்து மூடினாள். வேறு எதுவும் மாறவில்லை, சேலை மட்டும்தான். ஆனால் இவ்வளவு சின்னப் பெண்ணா இவள் என்று பாஞ்சாலி மலைத்துப்போனாள்.

மணலில் உட்கார்ந்து சேலையைப் பிழிந்துகொண்டிருந்த நஞ்சம்மாள் நிமிர்ந்து பார்த்து, வாய் நிறையச் சிரித்தாள்.

"அடி பாக்கியம்! இந்தக் கோலத்துல அல்போன்சு பாத்தாருன்னா ஈஸ்டரு வரைக்கும் பொறுக்க மாட்டாருடி. இன்னிக்கே கோயில்ல கல்யாண ஓலை படிக்கச் சொல்லிச் சாமியார்கிட்ட ஓடுவாரு!"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எந்த அல்போன்சு?" என்றாள் பாஞ்சாலி.

கேட்டாளே தவிர, எந்த அல்போன்ஸ் என்று பாஞ்சாலிக்கே தெரியும். சர்க்கரை ஆலையில் எலக்ட்ரீசியன். பெண்சாதியை இழந்தவர், சின்னப் பெண் குழந்தை ஒன்று. பாக்கியத்தின் மையத்தில் லைட் போடும்போது வந்திருந்தார். மெலிந்த, சத்தமில்லாத ஆள்.

"அப்ப நஞ்சக்காளுக்குத் தெரியும்" என்றாள் பாஞ்சாலி.

"அக்கா, நான்..."

"பரவால்ல புள்ளே. நல்ல விசயம்தான்."

சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள். கட்டி இல்லை, நோய் இல்லை. ஒரு பக்கம் உயிர் திரும்பி வந்தது. மறுபக்கம், நெஞ்சில் யாரோ உலக்கையால் இடித்தார்கள். கல்யாணம் என்பதுகூட இல்லை. உலகத்தில் யாருக்குச் சொல்லாவிட்டாலும் தன்னிடம் சொல்லியிருக்க வேண்டாமா? அடுப்பு எந்த மூலையில் என்று அத்தனை நாள் பேசினாளே, அப்போதெல்லாம் மனசில் இதைத்தான் வைத்துக்கொண்டு பேசினாளா?

கால் போன போக்கில் நடந்தாள். தீவின் மறுமுனையில் கடலுக்குள் நாக்கு நீட்டியதுபோல மணல்திட்டு ஒன்று போயிற்று. கணுக்கால் தண்ணீரில் அதன் கடைசி வரைக்கும் போய்ச் சிப்பிகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்ததும் அழுதாள். புருஷன் போனபோது அழாத அழுகை அது. அழுது ஓய்ந்து, மூக்கைச் சிந்தி, வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

திரும்பிப் பார்த்தபோது வந்த வழியைக் காணவில்லை. மணல் நாக்கின் நடுப்பகுதியைத் தண்ணீர் மூடியிருந்தது. தான் இருக்கும் திட்டும் சின்னதாகிக்கொண்டு வந்தது. கத்தலாமா என்று வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. முதலில் வெட்கம் கொஞ்சம் அதிகமாக இருந்தது. தண்ணீர் பாதத்தைத் தொட்டதும் பயம் முந்திக்கொண்டது.

"நஞ்சக்கா! பாக்கியம்!"

கரையில் ஒரு சிவப்பு தெரிந்தது. அந்தச் சிவப்பு நிற்காமல் தண்ணீருக்குள் இறங்கியது.

"வராத! ஏய், வராத புள்ளே! ஆழம்!" என்று பாஞ்சாலி கத்தினாள்.

அவள் கேட்கவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "சேசுவே, மாதாவே" என்று உரக்கச் சொல்லிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில், பிறகு தொடைத் தண்ணீரில் வந்துகொண்டே இருந்தாள். கிணறு இருக்கும் தெருவில்கூட நடக்காதவள். பின்னால் கரையில் சந்தியாகு ஓடி வந்து, "இடுப்புக்கு மேல ஏறாதுத்தா! சும்மா நடந்து வாங்க ரெண்டு பேரும்! ஏத்தத் தண்ணிதான், பொறவு வத்திரும், இங்க ஆளை முழுக்கிற ஆழம் கிடையாது!" என்று கத்தியது காற்றில் யார் காதிலும் விழவில்லை.

பாக்கியம் வந்து சேர்ந்து பாஞ்சாலியைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேர் நெஞ்சும் தடதடவென்று அடித்தன. யாருடையது எது என்று தெரியவில்லை.

"அறிவிருக்குதா உனக்கு? நீச்சல் தெரியுமா?" என்றாள் பாஞ்சாலி.

"தெரியாது."

"அப்பறம் எதுக்கு வந்த?"

"நீங்க கூப்புட்டீங்களே."

சுற்றிலும் தண்ணீர் சலசலத்தது. ஈரச் சிப்பிகள் மேல் இருவரும் நின்றார்கள்.

"என்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?" என்று கடைசியில் பாஞ்சாலி கேட்டாள். கோபமாகக் கேட்க நினைத்தாள். குரல் அப்படி வரவில்லை.

"நஞ்சக்காகிட்டயும் நான் சொல்லலக்கா. அவரு அவுங்க வூட்டுக்காரருக்குச் சினேகிதம். அப்படித் தெரிஞ்சுருச்சு. உங்ககிட்டச் சொன்னா நீங்க உடனே சரின்னுடுவீங்க. கல்யாண வேலைக்கே ஓடுவீங்க. வூட்டுக்குப் போயித் தனியா உக்காந்துக்குவீங்க. அது எனக்குத் தெரியும். அதான் சொல்ல முடியல. அதையே நெனச்சு நெனச்சுத்தான் அந்தத் தலைவலியும். இங்க வந்து சொல்லலாம், கூடவே நாலு நாளு இருப்பமில்ல, சொல்லிட்டு உடனே விட்டுட்டுப் போக வேண்டியதில்லன்னுதான் வந்தேன். நேத்து அந்தக் கோயில்லயும் அதைத்தான் கேட்டுட்டு இருந்தேன். வாய் வரல."

"அவருக்குப் பதில் சொல்லிட்டியா?"

"இல்ல."

"உனக்குப் புடிச்சிருக்குதா?"

பாக்கியம் காலடித் தண்ணீரைப் பார்த்தாள். "பேசறப்ப மூஞ்சியப் பாக்க மாட்டாரு, என் காலைப் பாத்துத்தான் பேசறாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுது. அந்தக் குட்டி கோயில்ல வந்து என் மடியில படுத்துக்குது. படுத்தா நான் எந்திரிக்க மாட்டேங்கறேன். மத்தவங்க எல்லாம் போன பொறவும் உக்காந்திருக்கறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "புடிச்சிருக்குதுக்கா. ஆனா நம்ம வூடு..."

பாஞ்சாலி யோசித்தாள். பொய் சொல்லலாம். எனக்கொன்றுமில்லை, நீ நல்லாயிரு என்று சொல்லலாம். பாக்கியம் பயந்தது அதற்குத்தான் என்று இப்போது தெரிந்துவிட்டதே.

"எனக்குக் கஷ்டமாத்தான் இருக்குது" என்றாள். "இல்லைன்னு சொல்ல மாட்டேன். இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கும். உன்னப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாலும் திருப்பிக்குவேன். நீ அதைக் கண்டுக்காத. ஆனா வேண்டாம்னு மட்டும் அவருகிட்டச் சொல்லிடாத. எனக்கோசரம் நீ வேண்டாம்னு சொன்னன்னு தெரிஞ்சுது, அப்பறம் நான் உங்கூட ஒரு வூட்ல இல்ல, ஒரு பஸ்ஸுலகூட வர மாட்டேன்."

பாக்கியம் அழுதுகொண்டே சிரித்தாள். பாஞ்சாலி அவள் முகத்தில் ஒட்டியிருந்த ஈரமுடியை ஒதுக்கிவிட்டாள். "இந்தச் செவப்பு உனக்கு நல்லாருக்குது. இத்தனை நாளா இதை யாரும் சொல்லல பாரு, நானுந்தான் சொல்லல" என்றாள்.

கையைக் கோத்துக்கொண்டு இரண்டு பேரும் தண்ணீருக்குள் இறங்கி நடந்தார்கள். இடுப்பு வரைக்கும் வந்தது, அதற்குமேல் வரவில்லை. நடுவழியில் பாக்கியம் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒருமுறை முங்கி எழுந்தாள். பாஞ்சாலியும் கூடவே முங்கினாள்.

கரையில் நஞ்சம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். "என் வாய்ல மண்ணு! இந்தக் கடல்ல கெடக்கற மண்ணெல்லாம் என் வாய்ல!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பாஞ்சாலி போய், "உங்க வாய் இல்லன்னா நாங்க ஊருக்குப் போற வரைக்கும் ஊமையாவே இருந்திருப்பம்" என்று அவள் தோளில் இடித்தாள். ஆரோக்கியம் மீன் குழம்பு கொதிக்க வைத்திருந்தாள். பாலக்கோட்டுத் தக்காளிதான் போட்டிருந்தாள். சந்தியாகு ஒரு வாய் தின்றுவிட்டு, "எந்த ஊருப் பழம்த்தா இது? நல்லாப் புளிக்குதே!" என்றார். நஞ்சம்மாள் முகம் மலர்ந்துபோய், தானே விளைவித்ததுபோல் மண்டியின் பெருமையெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

ஊர் திரும்பிய பிறகு பாஞ்சாலி சொன்னபடியே செய்தாள். அடுத்த மாசம் யூனியன் ஆபீசில் பாக்கியத்தைப் பார்த்தபோது ஒரு நாள் முழுக்கச் சரியாகப் பேசவில்லை. மறுமாசம் பேசினாள். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அல்போன்ஸ் சைக்கிளை மிதித்துக்கொண்டு அவள் ஊருக்கே வந்துவிட்டார். "அவங்க உங்களைப் பாத்துட்டு வரச் சொன்னாங்க" என்று வாசலிலேயே நின்றார். பாஞ்சாலி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். சூடாக இருந்த ராகிக் களியும் கீரையும் போட்டாள். மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று உருண்டை சாப்பிட்டார். போகும்போது மினுக்கு மினுக்கென்று எரிந்துகொண்டிருந்த அவள் வீட்டு டியூப் லைட்டைச் சரிசெய்துவிட்டுப் போனார். கெட்ட ஆளில்லை என்று பாஞ்சாலி தன் மனசுக்குள் ஒத்துக்கொண்டாள். அதை ஒத்துக்கொள்வதற்கும் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஈஸ்டர் முடிந்து கல்யாணம் நடந்தது. கோயிலுக்குள் பாக்கியத்தின் பக்கத்தில் நின்று முந்தானையைச் சரிசெய்துவிட்டவள் பாஞ்சாலிதான். எப்போது முழந்தாளிட வேண்டும், எப்போது எழ வேண்டும் என்று தெரியாமல் எல்லாரையும் பார்த்துப் பார்த்துச் செய்தாள். விருந்தில் பரிமாறினாள். மில் குவார்ட்டர்சில் மணப்பெண்ணை விட்டுவிட்டு, நஞ்சம்மாளோடு பஸ் ஏறினாள். நஞ்சம்மாள் அவள் ஊரில் இறங்கிக்கொண்டதும் மிச்சத் தூரம் தனியாக வந்தாள். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுவிட்டு, இனி மாசத்துக்கு ஒருநாள்தான், அதுவும் புருஷன் பிள்ளை என்று ஆனபிறகு எத்தனை நாளைக்கோ என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம். மையத்தைப் பூட்டிவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பஸ் நின்று கிளம்புகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள்.

"அக்கா, இன்னும் அடுப்புப் பத்த வெக்கலையா?"

பாக்கியம் நின்றாள். இடுப்பில் அல்போன்சின் குட்டி, பஸ்ஸில் தூங்கிய தூக்கம் கலையாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது.

"என்ன புள்ளே, சண்டையா?" என்றாள் பாஞ்சாலி பதறிப்போய்.

"சண்டையா? எதுக்கு? அவருக்கு இன்னிக்கு ராத்திரி ஷிப்டு. நாளைக்குக் காலையில வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு. களி கிண்டறதுக்கு மாவு இருக்குதா, இல்ல நான் வாங்கிட்டு வரட்டுமா?"

பாஞ்சாலி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினாள். அது புது முகத்தைப் பார்த்து அழுவதா வேண்டாமா என்று யோசித்தது. பிறகு அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தூக்கத்தைத் தொடர்ந்தது.

"மாவு இருக்குது. நீ போயி ஒலையை வையி" என்றாள் பாஞ்சாலி.